சொல் இருக்கிறது, மெட்டு எங்கே?

இலக்கியம் பேசுகின்ற இந்த நேரத்தில் பாட்டைப் பற்றிப் பேச வேண்டுமா என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். சிறுகதை, நாவல், கவிதை என்று பேசிப் பழகிய நமக்குப் பாட்டு என்பது பொழுதுபோக்கு. இலக்கியத்தின் வாசற்படியோடு நின்றுவிட வேண்டியது. ஆனால் மலையகத்தைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பொருந்தாது. இங்கே அச்செழுத்து வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்னரே பாட்டு வந்துவிட்டது. எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத ஒரு சமூகம் தன் வரலாற்றைக் குறித்து வைத்த ஏடு அதுதான். அந்த ஏட்டைக் காலவரிசையில் புரட்டிப் பார்ப்பதும், இன்றைய இளைஞர்கள் எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று சொல்வதுமே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மழை நாள். அட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில், எங்கள் அம்மாயியின் லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து, சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலிலிருந்து ஒரு தாலாட்டை வாசித்துக் காட்டினேன். அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா, கடுதாசி வாசிக்கிற மாதிரி வாசிக்கிற? என்னா அது?"

"பாட்டு அம்மாயி. தாலாட்டு."

"தாலாட்டா? இப்பிடி வாசிச்சா எந்தப் புள்ளடா தூங்கும்?"

கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, முதலில் ராகத்தை மட்டும் இழுத்தார். சொல் பின்னால் தானாக வந்தது. புத்தகத்திலிருந்த அடிகள் முடிந்த பின்னரும் அவர் நிறுத்தவில்லை. அச்சில் ஏறாத அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் எங்கள் தோட்டத்து மலைகளின் பெயர்கள் இருந்தன. நான் பிறக்குமுன் இறந்துபோன ஒரு பிள்ளையின் பெயரும் இருந்தது. நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஒலிப்பதிவுக் கருவியும் என்னிடம் இருக்கவில்லை. இன்னொரு நாள் ஆறுதலாக வந்து பதிவு செய்வோம் என்று எண்ணினேன். அந்த இன்னொரு நாள் வரவேயில்லை.

இன்று அந்த நூல் என் மேசையில் இருக்கிறது. சொல் இருக்கிறது. மெட்டு அம்மாயியோடு போய்விட்டது. இவ்வுரை முழுவதற்கும் அடிப்படை இந்த இழப்பே.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, அடுத்து வந்த தசாப்தங்களில் கண்டிச் சீமை எங்கும் பரவியது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடையாகவே வந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் பலர். துரைமாரின் கணக்கேடுகளில் இவர்கள் தலைகளின் எண்ணிக்கையாக மட்டுமே பதிவாயினர். பெயரும் ஊரும் உறவும் பதிவானது பாட்டில்.

அவர்கள் கொண்டு வந்த பாட்டு வயற்காட்டுப் பாட்டு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கோலாட்டம், தெம்மாங்கு என்று அதன் வடிவங்கள் எல்லாம் ஊரிலிருந்து வந்தவையே. ஆனால் நெல்லும் கிணறும் ஏற்றமும் இருந்த இடத்தில், சில ஆண்டுகளிலேயே வேறு சொற்கள் வந்து உட்கார்ந்தன. துரை, கங்காணி, கணக்கப்பிள்ளை, பெரட்டு, லயம், அரைப்பேர் ஆகிய சொற்கள் எந்த அகராதியிலும் ஏறுமுன் பாட்டில் ஏறிவிட்டன. நாள் முழுவதும் உழைத்தும் கொழுந்து நிறை குறைந்ததென்று பாதிச் சம்பளம் போடுவதற்கு 'அரைப்பேர்' என்று பெயர். அந்த ஒரு சொல்லைத் தெம்மாங்கில் கேட்கும்போது, ஒரு தொழிற்சட்ட நூலைப் படித்தாலும் கிடைக்காத விளக்கம் நமக்குக் கிடைக்கிறது.

பாட்டு எவ்வளவு காலம் நினைவு வைத்திருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம். 1869இல் கோப்பிச் செடிகளை ஒருவகைப் பூஞ்சண நோய் தாக்கியது. இரண்டு தசாப்தங்களுக்குள் கோப்பி ஏறக்குறைய அழிந்தொழிந்தது. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆயினும் கோப்பிப் பழம் பறிக்கும் பாட்டுகள் இருபதாம் நூற்றாண்டிலும் பாடப்பட்டு வந்தன. கோப்பிச் செடியையே கண்டிராத பெண்கள், தேயிலை நிரையில் நின்றுகொண்டு தம் பாட்டிமாரின் கோப்பிப் பாட்டைப் பாடினார்கள். மலை மாறியது, பயிர் மாறியது, பாட்டு மாறவில்லை.

இந்த முதற் காலத்தின் மற்றொரு பெருஞ்செல்வம் கூத்து. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் மலையகத்தின் முப்பெரும் கூத்துகள் எனலாம். இவற்றுள் காமன் கூத்துக்குத் தனியிடம் உண்டு. மாசி மாதத்தில் காமன் ஊன்றி, தொடர்ந்து பல இரவுகள் தப்பு முழக்கத்தோடு ஆடிப் பாடி, ஈற்றில் சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவதையும் இரதி புலம்புவதையும் நடத்திக் காட்டுவர். இரதியாக வேடமிட்டிருப்பவர் ஓர் ஆண். எனினும் அந்தப் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களின் கண்கள் நிறைவதை நீங்கள் காணலாம். கூத்து புராணக் கதைதான். ஆயினும் கணவனை இழந்து, அந்நிய மண்ணில் தனித்து நிற்கும் பெண்ணின் குரல் அவர்களுக்குப் புராணமாகக் கேட்பதில்லை.

தப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பியது பெரட்டுத் தப்பு. கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி இருந்தது. மலையக இசையின் நாடித்துடிப்பு அதுவே. அதை அடித்த கைகளையோ நாம் ஒதுக்கி வைத்தோம். சாதியின் பெயரால் இழிவு சுமத்தப்பட்டதனால், அவர்களின் பிள்ளைகள் தப்பைத் தொட மறுத்தது இயல்பே. மேடையில் தப்பிசையைப் புகழும் நாம், அதை அடித்தவருக்கு வீட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தோமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கலை அழிவதற்குக் காலம் மட்டும் காரணமல்ல, நாமும் காரணம்.

அடுத்த காலகட்டம் 1920களில் தொடங்குகிறது. தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர், அந்நியர் நுழையத் தடையிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரியைப் போலப் புகுந்து நிலைமையைக் கண்டறிந்தவர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தியவர். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தார். 1936 முதல் 1947 வரை சட்டசபையில் அட்டன் தொகுதியின் உறுப்பினராக விளங்கினார். இவை பலரும் அறிந்த செய்திகள். அவரது துணைவியார் மீனாட்சி அம்மாளைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசுவதில்லை.

மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடியவர். அத்துடன் நில்லாது, தொழிலாளரின் நிலை குறித்துத் தாமே பாடல்கள் இயற்றி, 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறுநூலை 1940இல் வெளியிட்டார். காலத்தை நோக்குங்கள். 1939இல் அரசாங்க வேலைகளிலிருந்து இந்திய நாட்கூலியாளரை விலக்கும் முயற்சி தொடங்கியிருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். உயிரும் உரிமையும் ஒருங்கே கேள்விக்குறியாகி நின்ற அந்த வேளையில் ஒரு பெண் பாட்டுப் புத்தகம் போட்டார்.

மக்களுக்கு முன்பே தெரிந்த மெட்டுகளில் புதிய சொற்களை ஏற்றியமைதான் அப்பாடல்களின் பலம். வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒருமுறை பாடிக் காட்டினால் போதும். மறுநாள் மலையில் நிரைக்கு நிரை அது பரவிவிடும். கூட்டத்தைத் தடுக்கலாம், துண்டுப் பிரசுரத்தைப் பறிக்கலாம், வாயில் புகுந்துவிட்ட பாட்டை எந்தத் துரையால் பறிக்க முடியும்? ஊர்ப்பாட்டு மெட்டிலிருந்து மேடைப்பாட்டு மெட்டுக்கு மலையகம் தாவிய காலம் இது. இதையும் மனங்கொள்ள வேண்டும். மலையகப் பாட்டு என்பது பழமையில் உறைந்துபோன ஒன்றன்று. ஒவ்வொரு தலைமுறையும் தன் காதில் விழுந்த புதிய இசையை எடுத்துத் தன் துயரத்தை அதில் ஏற்றியிருக்கிறது.

மூன்றாவது காலகட்டம் சி.வி. வேலுப்பிள்ளையுடையது. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் வெற்றி பெற்ற ஏழு உறுப்பினர்களுள் ஒருவராகத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். அடுத்த ஆண்டே வந்தது 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம். அவரைத் தெரிந்தெடுத்த மக்கள் நாடற்றவராயினர், வாக்கையும் இழந்தனர். வாக்காளரை இழந்த அந்த மக்கள் பிரதிநிதி, அவர்களின் வாய்ச்சொல்லைத் தேடிப் புறப்பட்டார் எனலாம்.

அவர் ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையைச் சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று 1969இல் தமிழாக்கித் தந்தார். தேயிலைக்கு உரமாகிப்போன மனிதர்களைப் பற்றிய அக்கவிதையைப் படித்தவர்கள், விடியற்காலைத் தப்பொலியை அதில் கேட்டிருப்பார்கள். எழுத்தாளராக அவருக்குப் புகழ் தேடித் தந்தவை இத்தகைய ஆக்கங்களே. ஆயினும் லயம் லயமாகச் சென்று கிழவிகளிடமும் கங்காணிமாரிடமும் கேட்டுக் கேட்டு அவர் சேர்த்த நாட்டார் பாடல்களே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. அவர் 1984இல் காலமானார். தொகுப்பு நூலாக வெளிவந்தது 1987இல், அதுவும் சென்னையில். தம் உழைப்பின் பயனை நூலுருவில் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அந்தத் தொகுப்பு இல்லையென்றால் நமக்கு இன்று சொல்லும் இருந்திராது. அவ்வளவு பெரிய தொண்டு அது. எனினும் அச்செழுத்துக்கு ஓர் எல்லை உண்டு. தாலாட்டில் குரல் எங்கே தாழ்கிறது, ஒப்பாரியில் மூச்சு எங்கே முறிகிறது என்பதை எழுத்து காட்டாது. சி.வி. காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி சாதாரண மனிதர் கைக்கெட்டாத பொருள். ஆகவே அவரால் இயன்றதை அவர் செய்தார். மீதியை யார் செய்தார்கள்?

அவர் சேர்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே பாடியவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் இரு நாடுகளும் முடிவு செய்தன. எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி ஒரே காம்பராவிலிருந்த அண்ணனையும் தம்பியையும் பிரித்தது. அட்டனிலும் நானுஓயாவிலும் இருந்து தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு நம்மவர்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. சாவு வீட்டில் பாட வேண்டிய பாட்டை உயிரோடு போகிறவர்களுக்காக மேடையில் நின்று பாடினார்கள். அக்கரை சென்றவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரிக்குப் போயினர். தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாடு அரசு அங்கே தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினர். நூறாண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த தெம்மாங்கு, இடையில் தேயிலை வாசம் ஏறி, மீண்டும் கடல் கடந்து போயிற்று. கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேடினால் நம் பாட்டின் மறுபாதி கிடைக்கும்.

இனி நான்காவது காலகட்டம். 1960களின் பிற்பகுதியிலிருந்து லயங்களுக்குள் ட்ரான்சிஸ்டர் வானொலி புகுந்தது. கோயில் திருவிழாவென்றால் மரத்தில் ஒலிபெருக்கி. அதில் சினிமாப் பாட்டு. மலையில் பாடிய பெண்கள் பாட்டுக் கேட்பவர்களாக மாறத் தொடங்கினார்கள். இலங்கை வானொலி நமக்குத் தந்தது ஏராளம். அது வேறு கதை. ஆனால் தன் குரலை விட வானொலிக் குரலே உயர்ந்தது என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து வந்ததை மறுக்க முடியாது.

இந்த வேளையில்தான் 1970களில் இலங்கைத் தமிழ்ப் பொப் பாடல்கள் வெளிவந்தன. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் ஆகியோரின் பெயர்கள் வீடுதோறும் ஒலித்தன. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்த் திரைப்படத்துக்குள்ளும் சென்றது. சிலோன் மனோகர் என்று தமிழகமும் கொண்டாடிய அக்கலைஞர் 2018இல் சென்னையில் காலமானார். இவர்கள் மலையகத்தவர் அல்லர். ஆனால் அந்தக் கிட்டார் ஒலியும் பைலாத் தாளமும் தோட்டத்து இளைஞர்களைப் பிடித்துக்கொண்டன. சுற்றுலாப் பஸ்ஸிலும் கலியாண வீட்டிலும் கைதட்டிப் பாடுவதற்கு அவை வாய்ப்பாக இருந்தன. கனவான்கள் சிலர் அவற்றை ஆபாசம் என்றும் கூச்சல் என்றும் ஒதுக்கினர். எனக்கு அந்த எண்ணம் இல்லை. இலங்கையின் பேச்சுத் தமிழ் கூச்சமின்றி இசைத்தட்டில் ஏறியது அப்போதுதான்.

பைலா என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. ஆடுதல் என்பது அதன் பொருள். ஸ்பானிய மொழியிலும் அதே வேர்தான். அந்த வேரைப் பிடித்துக்கொண்டே நாம் சற்றுத் தொலைவு போவோம். ஏனெனில் இதே தசாப்தங்களில் உலகின் மறுகோடியில், ஆர்ஜென்டினாவில் நடந்த ஒன்று நமக்குப் பாடமாகக்கூடியது.

பாட்டன்மாருக்கு டாங்கோ, பேரன்மாருக்கு ஆங்கில இசை என்று அந்நாடு இருந்தது. 1960களின் இளைஞர்கள் பீட்டில்ஸ் குழுவைக் கேட்டு ஆங்கிலத்திலேயே பாடிப் பழகினர். 1967இல் 'லோஸ் கத்தோஸ்' என்ற குழு, தெப்பம் என்று பொருள்படும் 'லா பல்சா' என்ற பாடலைத் தாய்மொழியான ஸ்பானியத்தில் இசைத்தட்டாக வெளியிட்டது. ஆர்ஜென்டின ரொக் இசையின் தொடக்கமாக அந்நாட்டவர் குறிப்பிடுவது இதனையே. ஸ்பினெத்தாவின் 'அல்மெந்திரா' குழு, சார்லி கார்சியாவின் 'சூயி ஜெனெரிஸ்' என்று தொடர்ந்து பலர் வந்தனர். கிட்டார் வெளியிலிருந்து வந்தது. சொல் உள்ளிருந்து வந்தது.

1976இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆயிரக்கணக்கானோர் காணாமற் போயினர். பாடகர் பலர் தடை செய்யப்பட்டனர், நாட்டைவிட்டு ஓடினர். 1982இல் மல்வினாஸ் தீவுகளுக்காக பிரிட்டனோடு போர் மூண்டபோது ஓர் எதிர்பாராத திருப்பம் நேர்ந்தது. ஆங்கிலப் பாட்டுகள் வானொலியிலிருந்து விலக்கப்பட்டன. நேரத்தை நிரப்ப வேண்டுமே! இதுவரை ஓரங்கட்டப்பட்ட உள்நாட்டு ரொக் பாடல்களை வானொலி நாள் முழுவதும் ஒலிபரப்பியது. லெயோன் கியேகோ 1978இல் பாடி வெளியிட்ட, போருக்கு எதிரான ஒரு பிரார்த்தனைப் பாடல், போர் நடத்திய ஆட்சியின் காலத்திலேயே நாடெங்கும் பரவியது. தன் நாட்டுப் பாட்டைத் தன் வானொலியில் கேட்க ஒரு சமூகத்துக்கு ஒரு போரே தேவைப்பட்டது என்பது வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தி.

இந்தக் கியேகோ செய்த இன்னொரு காரியமே என்னை மிகவும் கவர்ந்தது. 1981 முதல் சில ஆண்டுகள் அவர், இசையமைப்பாளர் குஸ்தாவோ சாந்தஒலாயாவின் துணையோடு, தெற்குக் கோடியிலுள்ள உஷுவாயாவிலிருந்து வடக்கு எல்லையிலுள்ள லா கியாக்கா வரை நாடு முழுவதும் பயணம் செய்தார். கிராமத்துப் பாடகர்களையும் மலைவாழ் இசைக்கலைஞர்களையும் அவர்களின் சொந்த இடத்திலேயே வைத்துப் பதிவு செய்தார். அவர்களோடு சேர்ந்து தாமும் பாடினார். புகழ்பெற்ற ரொக் பாடகர் ஒருவர், பெயரறியாத கிழவர்களின் வாசலுக்குப் போய் நின்றார். சி.வி. வேலுப்பிள்ளை பேனாவோடு லயத்துக்குப் போன அதே மனநிலைதான் இது. ஒரே வேறுபாடு, கியேகோவின் கையில் ஒலிவாங்கி இருந்தது. ஆகவே அங்கே மெட்டும் பிழைத்துக்கொண்டது.

நேயர்களே, நம் நிலை என்ன? 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்றவர் என்ற நிலை சட்டத்தளவில் முடிவுக்கு வந்தது. 2023இல் மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியிலேயே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நடந்தது. அதே ஆண்டில் மலையகச் சிறுமி ஒருவர் தென்னிந்தியத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியொன்றில் பாடியபோது தோட்டங்கள் யாவும் பெருமிதத்தோடு பார்த்திருந்தன. அப்பிள்ளையின் குரலில் இருந்த ஆற்றல் திடீரென்று வந்ததன்று. எத்தனையோ தலைமுறைகள் நிரையில் நின்று பாடிய குரல் அது. அவ்வளவு குரல்வளம் உள்ள நம் பிள்ளைகளுக்கு நம் தாலாட்டின் மெட்டு தெரியுமா என்பதே என் கேள்வி. சினிமாப் பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. மீனாட்சி அம்மாளே தெரிந்த மெட்டைத்தானே கையாண்டார்! மற்றவர் மெட்டை எடுப்பது தவறில்லை. நம் மெட்டை இழந்துவிட்டு எடுப்பதுதான் தவறு.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கும் இளைஞர்களுக்கு என் சிபாரிசு இதுதான். முதலில், அடுத்த மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டமொன்றுக்குப் போய் ஓர் இரவு முழுவதும் உட்காருங்கள். கம்பளி எடுத்துச் செல்ல மறவாதீர்கள். தப்பின் அடி மாறும் ஒவ்வொரு வேளையும் கதையில் என்ன மாறுகிறது என்று கவனியுங்கள். இரண்டாவதாக, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலைத் தேடிப் பிடியுங்கள். அதனைத் தனியே படிக்க வேண்டாம். வயதானவர் ஒருவரின் பக்கத்தில் இருந்து வாசியுங்கள். மூன்றாவதாக, சாரல்நாடனின் 'மலையக வாய்மொழி இலக்கியம்' என்ற 1993ஆம் ஆண்டு நூலையும், நடேசய்யரைப் பற்றி அவர் எழுதிய நூல்களையும் படியுங்கள். மீனாட்சி அம்மாளை அங்கே சந்திக்கலாம். இணையத்தில் இயங்கும் 'நூலகம்' மலையக நூல்கள் பலவற்றை இலவசமாகவே வாசிக்கத் தருகிறது. நான்காவதாக, எழுபதுகளின் பொப் பாடல்களை முகஞ்சுளிக்காமல் கேளுங்கள். பேச்சுத்தமிழ் தாளத்தில் எப்படி உட்காருகிறது என்பதை அவற்றிலிருந்து கற்கலாம். கடைசியாக, கியேகோவின் பயணப் பதிவுகளையும் ஒருமுறை கேளுங்கள். மொழி புரியாது. ஆயினும் ஒரு மலைக்கிழவரின் குரலுக்குப் பக்கத்தில் ஒரு கிட்டார் எவ்வளவு பணிவாக நிற்க முடியும் என்பது புரியும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று. சி.வி.க்குக் கிடைக்காத கருவி இன்று உங்கள் எல்லோருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பாடுபவரின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், யாரிடம் கற்றார், எந்தச் சந்தர்ப்பத்தில் பாடுவது ஆகிய விவரங்களையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதியுங்கள். அவர் அனுமதியின்றி எவருக்கும் அனுப்பாதீர்கள். அது அவருடைய சொத்து. ஒப்பாரியைப் பாடச் சொல்லும்போது மட்டும் பக்குவம் வேண்டும். சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடலாகாது என்பார்கள். கொல்லைப்புறத்திலோ, பீலிக்கரையிலோ உட்கார்ந்து மெல்லிய குரலில் பாடிக் காட்டுவார்கள். காத்திருந்து கேளுங்கள்.

என் அம்மாயியின் பாட்டில் வந்த மலைப்பெயர்களுள் இரண்டு மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. இறந்த அந்தப் பிள்ளையின் பெயர் மறந்துவிட்டது. வீட்டில் இப்போது அதனைச் சொல்ல எவரும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை. அது இருந்த ஒரே இடம் அந்தத் தாலாட்டு. உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாயியோ அப்பாயியோ இருப்பார். ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பார். இன்னொரு நாள் என்று எண்ணாமல், இன்று மாலையே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.